ஜெயாவிடம் கேட்டார்கள், பதிலுக்கு யாரும் காத்திருக்கவில்லை

‘ஜெய ஜெய ஜெய ஜெய ஹே’ என்ற மலையாளப் படம் 2022 அக்டோபர் 28 அன்று திரைக்கு வந்தது. இயக்கியவர் விபின் தாஸ். ஜெயாவாக தர்ஷனா ராஜேந்திரன், அவள் கணவன் ராஜேஷாக பேசில் ஜோசப். பார்த்தவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே காட்சியைத்தான் சொல்வார்கள்: கை ஓங்கி வரும் கணவனை மனைவி ஓர் உதையில் தூக்கி எறிகிறாள். படத்தை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தது அந்த உதைதான். இயக்குநரும் அதை நன்றாகவே தெரிந்து வைத்திருக்கிறார்.

என் கணக்கில் படத்தின் கனமான இடம் வேறு. அது பிற்பாதியில், அடிதடி எல்லாம் ஓய்ந்த பிறகு, எந்தச் சத்தமும் இல்லாமல் வருகிறது. அடங்க மறுக்கும் மனைவியை அடக்குவதற்கு ஒரு குழந்தை போதும் என்று ராஜேஷின் தரப்பில் யோசனை பிறக்கிறது. ராஜேஷ் திடீரென்று நல்லவனாகிறான். குரல் தணிகிறது, முகம் மலர்கிறது. ஜெயாவும் நம்புகிறாள், கருவுறுகிறாள். அது அன்பில் விளைந்ததல்ல, திட்டம் போட்டு நடந்தது என்பது அவளுக்குப் பின்னால்தான் தெரிகிறது.

அறைக்கு உதையால் பதில் சொல்லலாம். இதற்கு எப்படிப் பதில் சொல்வது? இந்தக் கேள்விதான் ஒரு நகைச்சுவைப் படத்தைப் பெண்ணின் சம்மதம் பற்றிய படமாக மாற்றுகிறது. சம்மதம் என்றவுடன் நாம் படுக்கையறையை மட்டும் நினைக்கிறோம். விபின் தாஸும் அவரோடு சேர்ந்து எழுதிய நாஷித் முகமது ஃபாமியும் அந்தச் சொல்லை அதைவிட வெகு முன்னால், ஜெயா பள்ளிக்கூடம் போகும் வயதிலிருந்தே பின்தொடர்கிறார்கள்.

கொல்லம் பக்கத்து நடுத்தர வீடு. ஜெயாவின் வீட்டில் யாரும் கொடியவர்கள் இல்லை. பெண் பிள்ளை என்று பட்டினி போடவில்லை, படிப்பை நிறுத்தவும் இல்லை. அண்ணன் படித்து முடித்த பாடப்புத்தகம் அவளுக்கு வரும். அவன் விளையாடிச் சலித்த பொம்மை வரும். கல்லூரி என்று வரும்போது என்ன படிக்க ஆசை என்று கேட்கிறார்கள். அவளும் சொல்கிறாள். அதற்குள் பணம், தொலைவு, ஊர் வாய், தாய்மாமனின் அறிவுரை எல்லாம் வரிசையாக வந்து நின்றுவிடுகின்றன. கடைசியில் பக்கத்தில் இருக்கும் ஏதோ ஒரு கல்லூரி. ‘உன்னைக் கேட்டுத்தானே செய்தோம்’ என்று பிறகு யாரும் சத்தியம் செய்யலாம், அது பொய்யும் ஆகாது. கேட்டார்கள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

கல்லூரியில் வரும் கார்த்திகேயன் படத்தின் மிகக் கூர்மையான கேலி. அஜு வர்கீஸ் நடித்த இந்த விரிவுரையாளர் மேடையில் பெண் விடுதலை பேசுகிறவர். ஜெயாவைக் காதலிக்கத் தொடங்கியதும் அவள் என்ன உடுத்த வேண்டும், யாரோடு பேச வேண்டும் என்பதெல்லாம் அவர் முடிவாகிவிடுகிறது. முற்போக்கு வாசகங்கள் மலிந்த மாநிலத்தில் இந்தப் பாத்திரம் யாரைக் குத்துகிறது என்று விளக்க வேண்டியதில்லை. சில விமர்சகர்களுக்கு இது உறுத்தலாக இருந்தது. பெண்ணியம் பேசுகிற ஆணைக் கேலி செய்தால் பழமைவாதிக்குத்தானே கொண்டாட்டம் என்று கேட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கார்த்திகேயனை விட்டுவிட்டு ராஜேஷை மட்டும் காட்டியிருந்தால், படிப்பறிவில்லாத முரட்டு ஆணின் பிரச்சினை இது என்று படித்தவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

பிறகு திருமணம். கல்யாணத்துக்குப் பிறகும் படிக்கலாம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்கிறார்கள். இந்த வாக்குறுதி கேரளத்துக்கு மட்டும் உரியதல்ல. தமிழ்நாட்டில் பெண் பார்க்கும் படலத்தைக் கூடத்தில் உட்கார்ந்து கேட்ட எவருக்கும் அதன் ஆயுள் எவ்வளவு என்று தெரியும்.

ராஜேஷ் கோழிப்பண்ணை வைத்திருப்பவன். தினமும் காலையில் இடியாப்பம் வேண்டும். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, தினமும். இடியாப்பம் பிழிகிறவளின் தோள் எப்படி வலிக்கும் என்பது அவன் சிந்தையில் இல்லை. கோபம் வந்தால் கையில் கிடைப்பதை உடைப்பான், பிறகு அறைவான். அறைந்தபின் மன்னிப்பு உண்டு; சினிமா உண்டு, வெளியே சாப்பாடு உண்டு. அமெரிக்க உளவியலாளர் லெனோர் வாக்கர் 1979இல் குடும்ப வன்முறையை ஒரு சுழற்சியாக விளக்கினார்: இறுக்கம் கூடும், அடி விழும், அதன்பின் தேன்நிலவு போன்ற ஒரு காலம் வரும், மறுபடி இறுக்கம். ராஜேஷின் இல்லறம் அந்த விளக்கத்துக்கு வரைந்த படம் போலவே இருக்கிறது. ஆனால் படம் பாடம் நடத்தவில்லை. அறை, சினிமா, சாப்பாடு, அறை, சினிமா, சாப்பாடு என்று அடுக்கிக்கொண்டே போகிறது. அந்த அடுக்கிலேயே சிரிப்பு வருகிறது, சிரித்த வாய் மூடுவதற்குள் சங்கடமும் வருகிறது.

பேசில் ஜோசப்பை இதற்குத் தேர்ந்தெடுத்ததுதான் படத்தின் பெரிய தந்திரம். ‘மின்னல் முரளி’யை இயக்கியவர், நடிகராக அவருக்கு அடுத்த வீட்டுத் தம்பியின் முகம். உயரமில்லை, மீசை முறுக்கில்லை, வில்லனுக்குரிய எந்த அடையாளமும் இல்லை. அடிக்கிற கணவனை அரக்கனாகக் காட்டினால் பார்க்கிற ஆண்கள் எல்லோரும் ‘நான் அவனில்லை’ என்று ஒதுங்கிக்கொள்ளலாம். இந்த முகத்திடம் அப்படி ஒதுங்க முடியாது. தர்ஷனாவை நம்மவர்கள் ‘கவண்’, ‘இரும்புத்திரை’ படங்களின் சிறு வேடங்களில் பார்த்திருக்கலாம். இங்கே அவருக்கு வசனம் குறைவு. வீடு முழுக்க மற்றவர்கள்தான் பேசுகிறார்கள். குடச்சநாடு கனகம் நடித்த மாமியார் பேசுகிறார், பெரியப்பா மகன் அண்ணன் பேசுகிறார், ஊரே பேசுகிறது. தர்ஷனா பார்க்கிறார். அந்தப் பார்வையில் எல்லாம் பதிவாகிக்கொண்டிருக்கிறது என்பது நமக்குத் தெரிகிறது, அவர்களுக்குத் தெரிவதில்லை.

கதை கொல்லம் வட்டாரத்தில் நடப்பது தற்செயலாகவே இருக்கலாம். ஆனால் 2022இல் படம் பார்த்த மலையாளிக்கு அந்த மாவட்டத்தின் பெயர் வேறு நினைவுகளைக் கிளறாமல் இருந்திருக்காது. 2020 மே மாதம், கொல்லம் மாவட்டம் அஞ்சலில், கணவனே விலைக்கு வாங்கிய பாம்பை ஏவி மனைவியைக் கடிக்க வைத்துக் கொன்ற வழக்கு நாடு முழுக்கப் பேசப்பட்டது. 2021 ஜூனில், அதே மாவட்டத்தில் சாஸ்தாங்கோட்டை அருகே, வரதட்சிணைக் கொடுமையில் ஓர் ஆயுர்வேத மருத்துவ மாணவி இறந்தார். இரண்டாவது வழக்கில் கணவனுக்கு 2022 மே மாதம் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. படம் வெளியாவதற்கு ஐந்து மாதம் முன்பு. இரண்டு பெண்களும் தங்களுக்கு நடந்ததைப் பிறந்த வீட்டுக்குத் தெரியப்படுத்தியிருந்தவர்கள்தான். ஜெயா அம்மாவுக்குத் தொலைபேசியில் சொல்லும்போது கிடைக்கும் ‘கொஞ்சம் பொறுத்துப் போ’ என்ற பதிலைச் சிரித்துக் கடந்துபோவது அந்த ஊரில் எளிதாக இருந்திருக்காது.

கேரளம் என்றால் படிப்பு, பெண் முன்னேற்றம் என்ற பெயர் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே பெண்களின் எழுத்தறிவு 92 விழுக்காடு. ஆயிரம் ஆண்களுக்கு 1,084 பெண்கள். இந்த எண்களின் பக்கத்தில் இன்னொரு எண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி கேரளத்தில் கணவனின் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்ன பெண்கள் ஏறத்தாழ 10 விழுக்காடு. அகில இந்திய அளவு 29 விழுக்காட்டுக்கு மேல். அப்பாடா என்று மூச்சு விடலாம். ஆனால் அதே ஆய்வில், ஏதாவது ஒரு காரணத்துக்காகக் கணவன் மனைவியை அடிப்பது சரிதான் என்று ஒப்புக்கொண்ட கேரளப் பெண்கள் 52 விழுக்காடு. காரணங்களின் பட்டியல் ஆய்வாளர்கள் கொடுத்தது: சொல்லாமல் வெளியே போவது, வீட்டையோ குழந்தையையோ கவனிக்காதது, எதிர்த்துப் பேசுவது, சமையல் சரியில்லாதது, உடலுறவுக்கு மறுப்பது, இப்படி.

பத்துக்கும் ஐம்பத்திரண்டுக்கும் இடையே இருக்கும் அந்த இடைவெளியில்தான் ஜெயாவின் அம்மா, மாமியார், நாத்தனார் எல்லோரும் வசிக்கிறார்கள். அடி வாங்கியதை அடி என்று எண்ணாதவர்கள், எண்ணினாலும் சொல்லாதவர்கள், தனக்கு விழுந்தது பிறருக்கும் விழட்டும் என்று இருப்பவர்கள். படம் இந்தப் பெண்களை வில்லிகளாக்கவில்லை. நாத்தனார் ராஜியைக் கவனியுங்கள். மணவாழ்க்கை முறிந்து பிறந்த வீட்டில் இருப்பவள். தம்பியின் கோபத்துக்குப் பயந்து அவளும் சுவரோரமாக நடக்கிறாள். ஜெயா உதைக்கத் தொடங்கியபின் அவள் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வருகிறது. ஷீத்தல் சக்கரியா அதை மிக அடக்கமாகச் செய்திருக்கிறார். படத்தில் எனக்குப் பிடித்த நடிப்பு அதுதான் என்றுகூடச் சொல்வேன்.

சரி, இவ்வளவு இருண்ட சரக்கை ஏன் நகைச்சுவையாக எடுக்க வேண்டும்? இதே விஷயத்தை ஒன்றே முக்கால் ஆண்டுக்கு முன்பு ஜியோ பேபி ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ படத்தில் சிரிப்பே இல்லாமல் எடுத்திருந்தார். பெரிய ஓடிடி நிறுவனங்கள் கையை விரித்தபின் 2021 ஜனவரியில் ஒரு சிறிய மலையாளத் தளத்தில் வெளியாகி, பிறகு காட்டுத்தீயாய்ப் பரவிய படம். 2023இல் தமிழிலும் மறு ஆக்கமானது. அது பார்வையாளரைச் சமையலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியது. ஒழுகும் கழிவுநீர்க் குழாயின் நாற்றம் மூக்கில் ஏறும்வரை விடவில்லை. அதைப் பார்த்து முடித்தவர்கள் ஏற்கெனவே பார்க்கத் தயாராக இருந்தவர்கள். விபின் தாஸுக்குப் பாதியில் எழுந்து போகிறவனும் வேண்டும். ராஜேஷே டிக்கெட் வாங்கிக்கொண்டு, இடியாப்பம் பிழிந்த மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்து உட்கார வேண்டும். வந்தார்கள். படம் வசூலில் பெரிய வெற்றி.

மலையாளத்தில் இந்தச் சிரிப்புக்கு ஒரு முன்கதையும் உண்டு. சீனிவாசன் இயக்கி நடித்த ‘வடக்குநோக்கியந்திரம்’ 1989இல் தாழ்வு மனப்பான்மை பிடித்த சந்தேகக் கணவனைச் சிரிப்புக்குரியவனாக்கியது. அவரே 1998இல் எடுத்த ‘சிந்தாவிஷ்டயாய சியாமளா’வில் பொறுப்பற்ற கணவன் ஒருவன் பக்தி வேடம் பூண்டு குடும்பத்தைக் கைவிட, மனைவி தையல் இயந்திரத்தோடு தனியாக நிமிர்ந்துவிடுகிறாள். சியாமளாவாக நடித்த சங்கீதாவை நாம் ‘பூவே உனக்காக’வில் அறிவோம். அந்தப் படத்துக்குச் சமூகப் பிரச்சினைகள் குறித்த சிறந்த படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. முடிவில் கணவன் திரும்பி வருகிறான், சியாமளா கதவைத் திறக்கிறாள். 1998இல் அதுவே பெரிய விஷயம். ஜெயா திறப்பதில்லை. இரண்டு படங்களுக்கும் நடுவில் இருபத்து நான்கு ஆண்டுகள்.

தமிழ் வாசகருக்கு இன்னொரு தடம் நினைவுக்கு வரும். நம் வார இதழ்களின் துணுக்குப் பக்கங்களில் அரை நூற்றாண்டாக மனைவிமார்கள் பூரிக்கட்டையால் கணவனை அடித்துக்கொண்டே இருக்கிறார்கள். கணவனுக்கு மனைவி அடி என்பது நம் நாட்டில் சிரிப்புக்கு உத்தரவாதமான சரக்கு. ஏன் சிரிப்பு வருகிறது? நடப்பது நேர்மாறாக இருப்பதால்தான். ‘ஜெய ஜெய ஜெய ஜெய ஹே’ அந்தத் துணுக்கையே எடுத்துக்கொள்கிறது. ஆனால் பூரிக்கட்டைக்கு முன்னால் நடந்த இருபது அறைகளையும் விடாமல் காட்டிவிட்டுத்தான் கொடுக்கிறது. உதை விழும்போது அரங்கம் சிரிக்கிறது. அந்தச் சிரிப்பு எதன் மேல் ஏறி நிற்கிறது என்பதைப் படம் மறக்க விடுவதில்லை.

உதை எங்கிருந்து வந்தது என்பதும் சொல்ல வேண்டியதுதான். வீட்டு வேலைக்கு இடையில், கைப்பேசியில் யூடியூப் பார்த்து, ஜெயா தற்காப்புக் கலை பழகுகிறாள். நடைமுறையில் இது நடக்கிற காரியமா என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. எடையிலும் பலத்திலும் கூடிய ஒருவனைத் திரைக்காணொளி பார்த்துப் பழகியவள் ஒரே அடியில் வீழ்த்துவது கற்பனை. நிஜ வாழ்க்கையில் எதிர்த்து அடிக்கும் பெண்ணுக்கு இரட்டிப்பாய் விழும் அபாயம் உண்டு. வன்முறைக்கு வன்முறைதான் மருந்தா என்ற குரலும் எழுந்தது. இந்த இரண்டாவது கேள்விக்குப் படத்திலேயே பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். உதை எதையும் தீர்ப்பதில்லை. வீட்டில் அவளுக்கு மரியாதை வரவில்லை, பயம்தான் வருகிறது. பயந்தவர்கள் திருந்துவதில்லை. வேறு வழி தேடுகிறார்கள். கண்டுபிடித்த வழிதான் கர்ப்பம்.

இங்கே படத்தை நிறுத்திவிட்டுச் சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் வியப்பாக இருக்கிறது.

ராஜேஷ் அறைந்ததற்குச் சட்டம் உண்டு. கொடுமை செய்யும் கணவனையும் அவன் உறவினரையும் தண்டிக்கும் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவு 1983இல் வந்தது. இப்போது அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 85, 86 பிரிவுகளாக இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டம் உடல், மனம், பாலியல், பொருளாதாரம் என்று நான்கு வகைக் கொடுமையையும் கணக்கில் எடுக்கிறது. ஆனால் மனைவியின் விருப்பமின்றிக் கணவன் உறவு கொண்டால் அது பாலியல் வன்புணர்வுக் குற்றமாகாது. பழைய தண்டனைச் சட்டத்தின் 375ஆம் பிரிவில் இருந்த இந்த விதிவிலக்கு, 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் 63ஆம் பிரிவுக்கு அப்படியே குடிபெயர்ந்திருக்கிறது. ஒரே மாற்றம், மனைவிக்குப் பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். அதுவும் உச்ச நீதிமன்றம் 2017இல் சொன்னதால் வந்தது. இந்த விதிவிலக்கு செல்லுமா என்ற கேள்வியில் 2022 மே மாதம் தில்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் இரு வேறு தீர்ப்புகள் எழுதினார்கள். விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று.

கேரள உயர் நீதிமன்றம் வேறொரு வாசலைத் திறந்தது. 2021இல் நீதிபதிகள் முகமது முஷ்டாக், கௌசர் எடப்பகத் அமர்வு, மனைவியின் உடல் தனக்குக் கடன்பட்டது என்று எண்ணி அவள் விருப்பத்துக்கு மாறாக நடந்துகொள்வது மணமுறிவுக்குப் போதுமான கொடுமை என்று தீர்ப்பளித்தது. சிறைக்கு அனுப்ப முடியாது, விவாகரத்துக் கிடைக்கும். அடுத்த ஆண்டு செப்டம்பரில், அதாவது படம் வெளியாவதற்கு ஒரு மாதம் முன்பு, இரண்டு தீர்ப்புகள் சில நாள் இடைவெளியில் வந்தன. கணவனைப் பிரிந்திருந்த ஓர் இளம்பெண் கருவைக் கலைக்கக் கணவனின் ஒப்புதல் தேவையில்லை என்று கேரள உயர் நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஜி. அருண் சொன்னார். செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புச் சட்டத்தைப் பொறுத்தவரை வன்புணர்வு என்ற சொல் கணவன் செய்வதையும் உள்ளடக்கும் என்றது. உண்மையில் 1971ஆம் ஆண்டுச் சட்டம் கேட்பது வயது வந்த பெண்ணின் சம்மதத்தை மட்டும்தான். கணவன் கையெழுத்து வேண்டும் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. இருந்தும் கேட்கிற வழக்கம் ஒழியவில்லை. ‘வீட்டுக்காரர் வரவில்லையா’ என்ற கேள்வி இல்லாத மகப்பேறு மருத்துவமனை வரவேற்பறை அபூர்வம்.

ஆக, கருவைக் கலைப்பதில் பெண்ணின் சம்மதம் சட்டத்தில் ஓரளவு இடம் பிடித்துவிட்டது. கரு உண்டாவதில்? மனைவியை வீட்டோடு கட்டிப்போடுவதற்காகவே அன்பு நடித்து அவளைக் கர்ப்பமாக்குவதை என்ன பெயரிட்டு அழைப்பது? அவள் ‘சரி’ என்றுதான் சொன்னாள். பலவந்தம் இல்லை. ஆனால் எதற்குச் சரி சொன்னோம் என்பது அவளுக்கே தெரியாது.

உச்ச நீதிமன்றம் 2007இல் சமர் கோஷ் எதிர் ஜெயா கோஷ் வழக்கில் (ஆம், அங்கேயும் மனைவியின் பெயர் ஜெயாதான்) மணவாழ்க்கையில் மனரீதியான கொடுமை எவை எவை என்பதற்கு ஒரு நீண்ட பட்டியல் தந்தது. முழுமையானதல்ல, எடுத்துக்காட்டு மட்டுமே என்ற எச்சரிக்கையோடுதான் தந்தது. அதில் குழந்தை வேண்டாம் என்று ஒருவர் தன்னிச்சையாக முடிவெடுப்பது இருக்கிறது. கணவனுக்குத் தெரியாமல் மனைவி கருக்கலைப்பு செய்துகொள்வது இருக்கிறது. காரணமின்றி நெடுங்காலம் உறவு மறுப்பது இருக்கிறது. மனைவிக்குத் தெரியாமல் கணவன் கருத்தடை செய்துகொள்வதும் இருக்கிறது. ஒரு குழந்தையைச் சங்கிலியாகப் பயன்படுத்துவது அந்தப் பட்டியலில் இல்லை. நீதிபதிகளைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அப்படி ஒரு காரியம் கொடுமைப் பட்டியலில் சேரக்கூடியது என்று யாருக்கும் தோன்றாத அளவுக்கு அது நம் வீடுகளில் சாதாரணம். ‘ஒரு பிள்ளை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும்’ என்ற யோசனையைக் கேட்காத குடும்பம் எது? சொல்கிறவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். படமும் அந்த யோசனையைச் சதியாலோசனை போல இருட்டறையில் வைக்காமல், ஊர்ப் பேச்சின் தொனியில் வைத்திருப்பதுதான் அதன் நேர்மை.

இந்தப் புள்ளிக்கு மிக அருகில் வந்தவர் ஆந்திர உயர் நீதிமன்ற நீதிபதி பி.ஏ. சௌத்ரி. பிரிந்துபோன துணையை நீதிமன்ற ஆணை மூலம் சேர்ந்து வாழ வைக்கும் இந்துத் திருமணச் சட்டத்தின் 9ஆம் பிரிவை, 1983இல் அவர் செல்லாது என்றார். எப்போது, யாரால், எப்படித் தன் உடல் கருவுற வேண்டும் என்ற முடிவு பெண்ணின் கையை விட்டுப் போகிறது என்பது அவருடைய முக்கியமான வாதம். வழக்கின் மனைவி வேறு யாருமல்ல, தமிழிலும் மலையாளத்திலும் புகழ்பெற்ற நடிகை சரிதா. மறு ஆண்டே வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பார்வையை நிராகரித்துவிட்டது. 9ஆம் பிரிவு இன்றும் உயிரோடு இருக்கிறது.

படத்தில் ஜெயாவுக்குக் கருச்சிதைவு ஏற்படுகிறது. பழி அவள் மேலேயே விழுகிறது. குடும்ப நீதிமன்றம் வரை வழக்குப் போகிறது. நீதிபதியாக மஞ்சு பிள்ளை. ஒரு குடும்பத்தில் பெண்ணுக்கு அவசியமான மூன்று எவை என்ற கேள்வி எழுகிறது. ராஜேஷுக்குத் தெரியவில்லை. நீதி, சமத்துவம், சுதந்திரம் என்ற மூன்று சொற்கள் அந்த அறையில் ஒலிக்கின்றன. அரசியல் சட்டத்தின் முகப்புரையிலிருந்து நேராக இறங்கி வந்தவை. படத்தின் தலைப்பும் தேசிய கீதத்தின் கடைசி அடி என்பதை நினைத்துக்கொண்டால் இயக்குநர் எங்கே குறிவைக்கிறார் என்பது விளங்கும்: குடியரசு வாசற்படி வரைக்கும் வந்துவிட்டது, உள்ளே நுழையவில்லை.

எனக்கு இந்தக் காட்சியில் சற்றே ஏமாற்றம். அதுவரை எதையும் சொல்லாமல் காட்டிக்கொண்டே வந்த படம், இங்கே கரும்பலகையில் எழுதிவிடுகிறது. கேரளத்துத் திரையரங்குகளில் கைதட்டல் வாங்கிய இடம் இதுவாகவும் இருக்கலாம். ஆனால் அந்த மூன்று சொற்களைவிட, தினசரி இடியாப்பம் அதிகம் பேசிவிட்டது. இன்னொரு குறை: பிற்பாதியில் எல்லாம் கொஞ்சம் வேகமாக நடந்து முடிகிறது. கரு கலைந்த பெண்ணின் உடலுக்கும் மனத்துக்கும் என்ன ஆயிற்று என்று நின்று பார்க்கப் படத்துக்குப் பொறுமை இல்லை. நகைச்சுவையின் தாளம் கெட்டுவிடும் என்ற அச்சமாக இருக்கலாம். ஏமாற்றிப் பெற்ற அந்தச் சம்மதத்தின் காயத்தை ஐந்து நிமிடம் கூடுதலாகக் காட்டியிருந்தால், உதைக் காட்சியைப் போலவே இதையும் பார்வையாளர் சுமந்துபோயிருப்பார்கள். இப்போது பெரும்பாலோர் சுமந்துபோனது உதையை மட்டும்தான்.

ஆனாலும் முடிவில் இயக்குநர் பிடிவாதமாக ஒன்றைச் செய்கிறார். ஜெயாவை மீட்க இன்னொரு ஆண் வருவதில்லை, பிறந்த வீடும் திடீர் ஞானம் பெற்று அணைத்துக்கொள்வதில்லை. அவள் வருமானம் தேடுகிறாள், தொழில் நடத்துகிறாள், திரும்பிப் போவதில்லை. படித்த பெண்கள் நிறைந்த, ஆனால் அவர்களில் சம்பாதிப்பவர்கள் குறைவாக இருக்கும் மாநிலத்தில் இந்த முடிவு உதையைவிடப் பயனுள்ளது.

படம் பிறந்த துறையின் நிலவரத்தையும் சொல்லாமல் விட முடியாது. 2017 பிப்ரவரியில் கொச்சியில் ஒரு நடிகை ஓடும் காரில் தாக்கப்பட்டதை அடுத்து, மலையாளப் பெண் கலைஞர்கள் தங்களுக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்களின் வற்புறுத்தலால் திரைத்துறையில் பெண்களின் நிலையை ஆராயக் கேரள அரசு நீதிபதி ஹேமா தலைமையில் குழு அமைத்தது. நடிகை சாரதாவும் அதில் ஓர் உறுப்பினர். 2019 டிசம்பர் கடைசியில் அறிக்கை முதலமைச்சரிடம் போய்ச் சேர்ந்தது. ஜெயா திரையில் உதைத்தபோது அது ஏறத்தாழ மூன்று ஆண்டாகப் பூட்டிக் கிடந்தது. 2024 ஆகஸ்ட் 19 அன்றுதான், சில பகுதிகள் நீக்கப்பட்டு, வெளியே வந்தது. வாய்ப்புக்கு ஈடாக உடன்படக் கேட்பது துறையில் எவ்வளவு சகஜம் என்பதைச் சாட்சியங்களோடு சொன்னது. அங்கேயும் பெண்களிடம் கேட்கத்தான் செய்தார்கள். மறுத்தால் வேலை இல்லை என்பதையும் சேர்த்தே கேட்டார்கள்.

திருமண உறவுக்குள் வன்புணர்வு குற்றமா என்ற வழக்கில் மத்திய அரசு 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் பதில் மனு தாக்கல் செய்தது. மனைவியின் சம்மதத்தை மீறக் கணவனுக்கு உரிமையில்லை என்று ஒப்புக்கொண்ட அரசு, அதை வன்புணர்வு என்று வகைப்படுத்துவது மிகைக் கடுமையாகும், திருமணம் என்ற அமைப்பையே பாதிக்கும் என்றது. அதே மாதம் தலைமை நீதிபதி சந்திரசூட் அமர்வு விசாரணையைத் தொடங்கியது. வாதங்கள் முடிய வாரக்கணக்கில் ஆகும் என்று தெரிந்தது. அவர் ஓய்வு பெற மூன்று வாரத்துக்கும் குறைவாகவே இருந்ததால், வழக்கு வேறு அமர்வுக்கு ஒத்திவைக்கப்பட்டது.